அப்பாவோடு பினாங்குக்குக் கப்பலில்

எங்கள் வீட்டில் கப்பல் ஆசை அப்பாவுடையது. அவருக்கு 76 வயது. அவருடைய அப்பா, அதாவது என் தாத்தா, நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போய், அங்கே கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதியவர். மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவார், சில மாதம் இருப்பார், மறுபடி கப்பல். அப்பா சிறுவனாக நாகப்பட்டினம் கடற்கரை வரைக்கும் போய் வழியனுப்பியிருக்கிறார், அவ்வளவுதான், ஒருநாளும் கப்பலில் கால் வைத்ததில்லை. திருச்சியிலிருந்து விமானத்தில் போய்விட்டு வரலாமே என்று நான் இரண்டு முறை கேட்டேன். "பினாங்கப் பாக்கணும்னா கடல்ல இருந்து பாக்கணும்மா, எங்கப்பா பாத்த மாதிரி" என்றார்.

சரி என்று தேடியதில் கிடைத்தது, சிங்கப்பூரிலிருந்து கிளம்பி மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் இரண்டையும் தொட்டுவிட்டு ஐந்தாம் நாள் காலை சிங்கப்பூருக்கே திரும்பும் நான்கு இரவுப் பயணம். 2025 ஜனவரியில், பொங்கல் முடிந்த கையோடு போய்வந்தோம். நான், கணவர், 12 வயது மகன், அப்பா, அம்மா என்று ஐந்து பேர். திரும்பி வந்ததிலிருந்து சொந்தத்தில் இரண்டு குடும்பம், அலுவலகத்தில் மூன்று பேர் விவரம் கேட்டுவிட்டார்கள், ஒவ்வொருவருக்கும் போனில் பாதி சொல்லிப் பாதி மறந்துபோகிறது, அதனால் எது நன்றாக அமைந்தது, எங்கே தவறினோம் என்று எல்லாவற்றையும் எழுதியே வைத்துவிடுகிறேன். குறிப்பாக வயதான அப்பா அம்மாவை அழைத்துப் போக நினைப்பவர்களுக்கு இது உதவும்.

முதலில் மாதம். நம் ஊரில் பள்ளி விடுமுறை மே மாதம் என்பதால் பலரும் மே மாதத்துக்கே விலை கேட்கிறார்கள். ஆனால் புக்கெட் இருக்கும் அந்தமான் கடலில் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, அலை அதிகம். புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் பத்தோங் கரைக்கு எதிரே கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், அங்கிருந்து சிறு படகில்தான் கரைக்குப் போக வேண்டும். அலை அதிகமாக இருந்தால் அந்தப் படகுப் பயணம் கஷ்டம், சில நாள் கேப்டன் இறங்கவே விடமாட்டார். டிசம்பர் முதல் மார்ச் வரை அந்தப் பக்கம் கடல் அமைதி. டிசம்பர் கடைசி வாரம் விலை எகிறிவிடும், அதனால் நாங்கள் ஜனவரியைப் பிடித்தோம். மகனுக்குப் பள்ளியில் மூன்று நாள் விடுப்பு எடுக்க வேண்டியிருந்தது. அதற்கு நான் வருத்தப்படவில்லை.

அடுத்தது பெயர். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, நம் ஆட்களுக்கு வரும் முதல் சிக்கலே இதுதான். அப்பாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலி, ஒரே பெயர்தான் இருக்கிறது. அம்மா பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கிறது. பதிவு செய்யும் பக்கமோ குடும்பப் பெயர் போடாமல் அடுத்த கட்டத்துக்கே விடாது. பதிவு செய்துகொடுத்த ஏஜென்ட் அப்பாவுக்கு இனிஷியலை விரித்து ஒரு பெயரைப் போட்டுவிட்டார், அது பாஸ்போர்ட்டில் இல்லாத பெயர். நான் பயணச்சீட்டை எழுத்து எழுத்தாகப் பார்த்ததால் கண்ணில் பட்டது. திருத்துவதற்கு ஒன்பது நாள், நாலைந்து மின்னஞ்சல். விமானச் சீட்டு, கப்பல் சீட்டு, விசா மூன்றிலும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும், ஒரே பெயர் உள்ளவர்களுக்கு எப்படிப் போட வேண்டும் என்று கப்பல் கம்பெனியிடமே எழுத்தில் கேட்டு வாங்கி, அந்த மின்னஞ்சலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டுக்குத் திரும்பி வரும் நாளிலிருந்து ஆறு மாதமாவது ஆயுள் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

விசாவில் ஒரு நுணுக்கம். கப்பல் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பினால் நீங்கள் அந்த நாட்டை விட்டு வெளியேறியதாகத்தான் கணக்கு, ஐந்தாம் நாள் திரும்பும்போது மறுபடி நுழைகிறீர்கள். ஆகவே ஒருமுறை மட்டும் நுழையும் விசா போதாது, பலமுறை நுழையும் விசாவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சிங்கப்பூர் வருகை அட்டையையும் இணையத்தில் இரண்டு முறை நிரப்பினோம், விமானத்தில் இறங்கும்போது ஒன்று, கப்பலில் திரும்பும்போது ஒன்று. இரண்டாவதைக் கப்பலுக்குள் இருந்தபடி நிரப்ப இணையம் வேண்டும் என்பதை மறக்காதீர்கள். மலேசியாவும் தாய்லாந்தும் நாங்கள் போனபோது இந்தியர்களிடம் விசா கேட்கவில்லை. இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன, கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னும் ஒரு வாரம் முன்னும் அந்தந்த அரசின் பக்கத்திலேயே பார்த்துவிடுங்கள்.

அறை எடுப்பதில் நாங்கள் செய்த ஒரு காரியம் ரொம்பச் சரியாக அமைந்தது. அப்பா அம்மாவுக்குப் பால்கனி வைத்த அறை, எங்கள் மூவருக்கும் அதே நடைவழியில் எதிர்ப்பக்கம் ஜன்னலே இல்லாத உள்ளறை. உள்ளறைக்கு விலை நன்றாகக் குறையும். பகலெல்லாம் வெளியே சுற்றுகிறவர்களுக்கு அது போதும், விளக்கை அணைத்தால் கும்மிருட்டு, தூக்கம் பிரமாதம். அப்பா அம்மாவோ பாதி நாளை அந்தப் பால்கனியிலேயே கழித்தார்கள். கூட்டம், இரைச்சல், நடை என்று களைத்துப்போகும் வயதில் அறைக்குள்ளேயே கடலும் காற்றும் இருப்பது பெரிய விஷயம். அறையைக் கப்பலின் நடுப்பகுதியில், முடிந்தவரை கீழ்த்தளங்களில் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. லிப்டுக்குப் பக்கமா என்றும் பாருங்கள். இந்தக் கப்பல்களின் நீளம் முந்நூறு மீட்டரைத் தாண்டும், மூட்டுவலிக்காரர்களுக்கு அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடம் போய்வருவதே ஒரு நடைப்பயிற்சி.

மூட்டை கட்டுவதற்கு வருகிறேன். அயர்ன் பாக்ஸ், தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டில், நீண்ட ஒயர் வைத்த எக்ஸ்டென்ஷன் பலகை இதெல்லாம் கப்பலில் தீ அபாயம் என்று ஏறும்போதே எடுத்து வைத்துக்கொள்வார்கள், கொண்டுபோகவே வேண்டாம். சூயிங்கம், மெல்லும் புகையிலை, மின் சிகரெட் சிங்கப்பூருக்குள் கூடாது. நம் வீட்டு அம்மாக்களிடம் இன்னொன்றும் சொல்லிவிடுங்கள்: கசகசா. அங்கே அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. அம்மா அரைத்து வைத்திருந்த குருமாப் பொடியில் கசகசா இருந்தது, கிளம்புகிற அன்று காலையில்தான் பேச்சுவாக்கில் சொன்னார், அதை அப்படியே வீட்டிலேயே வைத்துவிட்டேன். பருப்புப் பொடி, ஊறுகாய் இரண்டும் கடையில் வாங்கிய, பிரிக்காத பாக்கெட்டாகக் கொண்டுபோனோம், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. காந்தம் வைத்த கொக்கி நாலைந்து வாங்கிக்கொள்ளுங்கள். அறைச்சுவர் இரும்புத் தகடு என்பதால் கச்சிதமாக ஒட்டிக்கொள்ளும், ஈரத்துணி, தொப்பி, பை எல்லாம் மாட்டலாம், சின்ன அறை பெரிதாகிவிடும். மாத்திரைகள், மருத்துவர் சீட்டு, ஒரு மாற்றுடை, நீச்சலுடை இவற்றைத் தோள்பையில் வையுங்கள். பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள், அவை அறைக்கு வந்துசேரச் சாயங்காலம் ஆகிவிடும். அப்பாவின் மதியச் சர்க்கரை மாத்திரை பெட்டிக்குள் போயிருந்தால் அன்று திண்டாடியிருப்போம்.

பயணக் காப்பீடு எடுக்கும்போது கப்பல் பயணத்துக்கும் செல்லுமா, ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கும் செல்லுமா என்று கேட்டு எடுத்தோம். கப்பலில் மருத்துவர் இருப்பார், ஆனால் கட்டணம் டாலரில், உடனே உங்கள் கணக்கில் ஏறும். அம்மாவுக்கு ஒருநாள் லேசாக வயிறு சரியில்லாமல் போனபோது ஓமமும் வெந்நீருமே போதுமாக இருந்தது. போதாமலும் போயிருக்கலாம், அந்தப் பயத்துக்காகவாவது காப்பீடு வேண்டும்.

கப்பல் கிளம்பும் நாளுக்கு முந்தின நாளே ஊர் போய்ச் சேர்ந்துவிட வேண்டும், இதில் மட்டும் பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். எங்கள் விமானம் திருச்சியிலிருந்து மூன்றரை மணி நேரம் தாமதம். அன்றே கப்பல் என்றிருந்தால் அப்பா அந்த மூன்றரை மணி நேரத்தில் படாத பாடு பட்டிருப்பார். ஒரு நாள் கையில் இருந்ததால் நிதானமாக இறங்கிச் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு சின்ன ஓட்டலில் தங்கி, இரவு இட்லி சாப்பிட்டுத் தூங்கினோம். மறுநாள் மரினா பே கப்பல் முனையத்துக்கு டாக்சியில் போனோம். பக்கத்திலேயே மரினா சவுத் பியர் ரயில் நிலையம் இருக்கிறது, தோள்பை மட்டும் உள்ள இளம் ஆட்களுக்கு அதுவே போதும். பெட்டியும் பெரியவர்களும் சேர்ந்தால் டாக்சிதான். அப்பாவுக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்று பதிவின்போதே எழுதியிருந்தோம். "எனக்கெதுக்கு அது" என்று முறைத்தவர், குடியேற்ற வரிசையின் நீளத்தைப் பார்த்ததும் பேசாமல் உட்கார்ந்துவிட்டார்.

ஏறியதும் முதல் வேலையாகப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்துவிடுங்கள். அபாயச் சங்கு ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி. அதைக் கேட்டால் எந்த இடத்தில் போய்க் கூட வேண்டும் என்று உங்கள் கப்பல் அட்டையிலேயே அச்சிட்டிருக்கும், அந்த இடத்துக்கு நேரில் போய்ப் பதிவு செய்துவிட்டு வரவேண்டும். 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜிலியோ தீவுக்கருகே கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்களே, அன்றைக்கு ஏறிய பயணிகள் பலருக்கு அந்தப் பயிற்சி நடக்கவே இல்லை. அதற்குப் பிறகுதான் கப்பல் கிளம்புவதற்கு முன்பே அல்லது கிளம்பிய உடனேயே பயிற்சி முடிந்திருக்க வேண்டும் என்று விதி வந்தது. நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்து போனோம், அப்பாவின் வேகத்தில் அறையிலிருந்து அந்த இடத்துக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று நடந்து பார்த்தோம். ஒன்பது நிமிடம். லிப்ட் இல்லாமல் என்றால் யார் அவரைப் பிடித்துக்கொள்வது என்பதையும் அங்கேயே பேசி முடித்தோம்.

போனை ஏரோப்ளேன் மோடுக்கு மாற்றிவிட்டு வைஃபை மட்டும் போடுங்கள். நடுக்கடலில் கப்பலுக்கென்றே ஒரு செல் சிக்னல் உண்டு, செயற்கைக்கோள் வழியாக வருவது, நம் ஊர் ரோமிங் பொதிகள் பெரும்பாலும் அதற்குச் செல்லாது. கணவர் முதல் இரவு மாற்ற மறந்துவிட்டார், காலையில் பார்த்தால் சில நிமிடப் பயன்பாட்டுக்குச் சில ஆயிரம் ரூபாய். இணையப் பொதியை ஒரு போனுக்கு மட்டும் வாங்கினோம். ஒருவரையொருவர் கண்டுபிடிக்கப் பழைய வழிதான்: எங்கே போகிறோம் என்று ஒரு சீட்டில் எழுதி அப்பா அறைக் கதவில் காந்தத்தால் ஒட்டிவிடுவது, மாலை ஐந்து மணிக்கு எங்கிருந்தாலும் அவர்கள் பால்கனிக்கு வந்துவிடுவது. மகனுக்கு இந்தச் சீட்டு எழுதும் வேலை ரொம்பப் பிடித்துப்போனது.

சாப்பாட்டைப் பற்றித்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. வெறும் சைவம் என்று எழுதினால் முட்டை வந்துவிடும், ஆகவே இந்திய சைவம், முட்டை வேண்டாம் என்று பதிவிலேயே தெளிவாகப் போட்டிருந்தேன். பஃபேயில் பருப்பு, சாதம், ஒரு காய், ரொட்டி தினமும் இருந்தது, ஆனால் ருசி ஒருநாளைப்போல் இருக்காது. நிஜமான சாப்பாடு இரவில் பெரிய உணவுக்கூடத்தில்தான். அங்கே தினமும் ஒரே மேசை, ஒரே பரிமாறுபவர். முதல் இரவே அவரிடம் விவரமாகச் சொல்லிவிடுங்கள், அவர் தலைமைப் பரிமாறுபவரை அழைத்து வருவார், மறுநாளுக்கு என்ன வேண்டும் என்று எழுதிக்கொண்டு போய்த் தனியாகச் செய்து தருவார்கள். இதற்குக் கூடுதல் பணம் கிடையாது, கேட்காதவர்களுக்குக் கிடைக்காது என்பதுதான் விஷயம். இரண்டாம் இரவு அம்மாவுக்குத் தயிர்சாதம் வந்தது. கடுகு தாளித்து! யார் செய்தது என்று பார்த்தால் சமையல்கட்டிலிருந்து ஒரு தூத்துக்குடிப் பையன் எட்டிப் பார்த்தான். "நல்லா இருக்காம்மா? இங்க கறிவேப்பில இல்ல, அதான் ஒரு கொற" என்றான். வீட்டைப் பார்த்து ஏழு மாதம் ஆகிறதாம், இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதாம். அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மறுநாள் பிரிக்காமல் வைத்திருந்த பருப்புப் பொடிப் பாக்கெட்டை அவனுக்குக் கொடுக்கலாமா என்று தலைமைப் பரிமாறுபவரிடம் அனுமதி கேட்டுக் கொடுத்தோம்.

கப்பலில் வேலை செய்கிறவர்கள் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா என்று எங்கெங்கிருந்தோ வந்து மாதக்கணக்கில் விடுமுறையே இல்லாமல் உழைக்கிறார்கள். தினமும் ஓர் ஆளுக்கு இவ்வளவு டாலர் என்று சேவைக் கட்டணம் உங்கள் கணக்கில் தானாகவே ஏறும். நாலு இரவுக்கு ஐந்து பேருக்கு அது நல்ல தொகைதான், பதிவு விலையில் சேர்ந்திருக்காது, முன்கூட்டியே பட்ஜெட்டில் போட்டுவிடுங்கள். அதைக் குறைக்கச் சொல்லி வரிசையில் நிற்பவர்களையும் பார்த்தேன். எனக்கு அது சரியாகப் படவில்லை.

சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். வாசலில் வைத்திருக்கும் கிருமிநாசினி மட்டும் போதாது, கப்பலில் வேகமாகப் பரவும் நோரோ வைரஸ் அதற்கு அவ்வளவாக அடங்காது.

இப்போது புக்கெட். நாங்கள் செய்த பெரிய தவறு அங்கேதான். பத்தோங்கில் படகில் ஏறிக் கரைக்குப் போக வேண்டும் என்றேனே, அப்பாவுக்கு அதில் ஏற ஆசை. "நாகப்பட்டினத்துலயும் இப்படித்தான், கப்பல் தூரத்துல நிக்கும், எங்கப்பாவப் படகுலதான் கொண்டுபோய் ஏத்துவாங்க" என்று சொல்லிக்கொண்டே கீழ்த்தளம் வரைக்கும் வந்துவிட்டார். ஆனால் படகு ஏறி இறங்கும் இடத்தில் ஒரு அடி இடைவெளி மேலும் கீழுமாக ஆடியது, அங்கே நின்ற ஊழியர் அப்பாவின் முழங்காலைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். அப்பாவே ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். ஒருவிதத்தில் நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் எல்லாரும் இறங்கிப்போன கப்பல் போன்ற அமைதியான இடம் வேறில்லை. முந்தின நாள் கால் வைக்க இடமில்லாத நீச்சல் குளத்தோரம் அன்று அம்மாவும் அப்பாவும் மட்டும் உட்கார்ந்து இளநீர்... இல்லை, அன்னாசிச் சாறு குடித்திருக்கிறார்கள். வயதானவர்களோடு போகிறீர்கள் என்றால் ஒரு துறைமுகத்தை வேண்டுமென்றே விட்டுவிடுங்கள் என்று இப்போது எல்லாரிடமும் சொல்கிறேன்.

நாங்கள் மூவரும் இறங்கினோம். கடைசிப் படகு கப்பல் நேரப்படி மாலை ஐந்தரைக்கு. கடற்கரை, சாப்பாடு, அப்புறம் ஊருக்குள் டாக்சியில் ஒரு சுற்று. ஒரு கடையில் கணவர் போனைப் பார்த்தார், மூன்றே முக்கால். நிறைய நேரம் இருக்கிறது என்று இன்னொரு கடைக்குள் நுழையப் போனோம். மகன் தன் கைக்கடிகாரத்தைக் காட்டி, "அம்மா, இதுல நாலே முக்கால் காட்டுது" என்றான். ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. எங்கள் போன்கள் கரைக்கு வந்து சிக்னல் பிடித்ததும் தாமாகவே தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிட்டன. கப்பலோ பயணம் முழுக்கச் சிங்கப்பூர் நேரத்திலேயே இருந்தது. பையனின் சாதாரணக் கடிகாரம் மட்டும்தான் சரியாகச் சொன்னது. எங்கள் கையில் இருந்தது முக்கால் மணி நேரம், நடுவில் பத்தோங்கின் சாயங்கால நெரிசல். டாக்சியில் எனக்குக் கை நடுங்கியது. நாங்கள் தவறவிட்டால் அப்பாவும் அம்மாவும் தனியாகக் கப்பலில், மாத்திரை நேரங்கள் என் தலையில், பாஸ்போர்ட்டுகள் அறையின் பெட்டகத்தில். பாதி வழியில் இறங்கி ஓடினோம். படகு வரிசையின் கடைசி ஆட்களாக ஐந்து இருபதுக்கு ஏறினோம்.

அதனால் சொல்கிறேன், கப்பலில் ஏறும்போதே "கப்பல் நேரம் எது, எந்த ஊரில் மாறும்" என்று கேளுங்கள். முள் வைத்த சாதாரணக் கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கையில் கட்டிக்கொள்ளுங்கள், போனில் தானாக நேரம் மாறுவதை நிறுத்திவிடுங்கள். கடைசிப் படகுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே கரையோரத்துக்கு வந்துவிடுங்கள். கப்பலே ஏற்பாடு செய்யும் சுற்றுலாவில் போனால் வண்டி தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும், விலை கூடுதல். நாமாகப் போனால் காத்திருக்காது, அடுத்த ஊருக்குச் சொந்தச் செலவில்தான் போய்ச் சேர வேண்டும். பாஸ்போர்ட் நகலும் கப்பல் முகவரின் எண்ணும் காகிதத்தில் எழுதிப் பையில் இருக்கட்டும்.

அன்று இரவு கப்பல் கொஞ்சம் அசைந்தது. பெரிய ஆட்டம் இல்லை, கணவருக்குத்தான் தலை சுற்றியது. வாந்தி நிறுத்தும் மாத்திரையைக் குமட்டல் வந்தபிறகு போட்டால் பெரிதாகப் பலனில்லை, முன்கூட்டியே போட வேண்டும். அதை மருத்துவரிடம் கேட்டு வாங்கிச் செல்லுங்கள், சிலருக்குத் தூக்கம் தூக்கமாக வரும். அம்மா இஞ்சி மரப்பா கொடுத்தார், கணவர் வெளித்தளத்துக்குப் போய் அடிவானத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், அரை மணியில் சரியாகிவிட்டது.

நாலாம் நாள் முழுக்கக் கடல்தான். அன்றைக்கு எல்லா நிகழ்ச்சிக்கும் கூட்டம். பெரிய அரங்க நிகழ்ச்சிகளுக்கு ஏறிய முதல் நாளே செயலியில் இடம் பிடித்திருந்தோம், அதனால் தப்பித்தோம். விருந்து உடை அணியும் இரவில் கோட்டு சூட்டு தேவையில்லை, அப்பா பட்டு வேட்டி சட்டை, அம்மா அரக்குப் பட்டு. நாலைந்து பேர் வந்து கேட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். அன்றிரவே கணக்கை வரி வரியாகப் பாருங்கள். எங்களுக்கு ஒரு புகைப்படக் கட்டணம் இரண்டு முறை ஏறியிருந்தது, சேவை மேசையில் காட்டியதும் நீக்கிவிட்டார்கள். காலையில் அந்த மேசை முன்னால் நிற்கும் வரிசையைப் பார்த்தால் இரவே போனது எவ்வளவு நல்லது என்று தெரியும். பெட்டிகளை இரவு அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும், மறுநாள் போடும் துணியையும் செருப்பையும் காலை மாத்திரைகளையும் எடுத்து வைத்துக்கொண்ட பிறகு.

பினாங்கைக் கடைசியாகச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். அது இரண்டாம் நாளே வந்துவிட்டது. எத்தனை மணிக்குக் கரை தெரியும் என்று அறைப் பையனிடம் முந்தின இரவே கேட்டு வைத்தேன், மதியச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துவிட்டு அப்பாவை மேல்தளத்துக்கு அழைத்துப் போனோம். கப்பல் எந்தப் பக்கமாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது, ஆகவே கரை நெருங்கும் நேரத்துக்கு பால்கனியை நம்பாமல் திறந்த தளத்துக்குப் போய்விடுவது நல்லது. முதலில் மலை. அப்புறம் உயரக் கட்டடங்கள், அப்பா அதையெல்லாம் பார்க்கவே இல்லை. தண்ணீரோரத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். "எறங்குனதும் எதிர்ல மணிக்கூண்டு இருக்கும்னு எழுதுவார்" என்றார். ஸ்வெட்டன்ஹாம் துறையை நெருங்க நெருங்க, மரங்களுக்குப் பின்னால் வெள்ளையாக அது தெரிந்தது. விக்டோரியா ராணியின் வைர விழாவுக்காக 1897இல் எழுப்பத் தொடங்கிய கூண்டு, அறுபது வருட ஆட்சிக்கு அறுபது அடி. தாத்தா பார்த்த அதே கூண்டு.

துறையிலிருந்து ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்கள் நடக்கும் தூரம்தான், டாக்சிக்காரர்கள் நாலு மணி நேரச் சுற்றுக்கு அழைப்பார்கள், பினாங்கு மலைக்கு ஏற்றுகிறேன் என்பார்கள். நாங்கள் பழைய தெருக்கள் மட்டும் போதும் என்று வீட்டிலேயே முடிவு செய்திருந்தோம். மெதுவாக நடந்து, இரண்டு இடத்தில் உட்கார்ந்து, குவீன் தெரு மாரியம்மன் கோவிலுக்குப் போனோம். 1833இல் எழுந்த கோவில். அங்கிருந்து லெபோ பசார். பழைய தமிழர்களுக்கு அது கடைத்தெரு. மளிகை, பூக்கடை, சேலைக்கடை, வெள்ளிப் பாத்திரம், எங்கும் தமிழ்ப்பேச்சு. தாத்தா வேலை பார்த்த கடை இப்போது இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, எண்ணும் எங்களிடம் இல்லை. அப்பா தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒருமுறை நடந்தார், திரும்பி எதிர்ச்சாரியில் ஒருமுறை நடந்தார். ஒரு மளிகைக் கடை வாசலில் நின்று, வேண்டுமா வேண்டாமா என்று யோசிக்காமல், கால் கிலோ மிளகு வாங்கினார். கடைக்காரர் எந்த ஊர் என்று கேட்டார். "நாகப்பட்டினம் பக்கம். எங்கப்பா இந்தத் தெருவுலதான் இருந்தாரு" என்று அப்பா சொன்னதும், எழுந்து தன் ஸ்டூலை எடுத்து வெளியே போட்டார்.

அரை மணி நேரம் அங்கேயே இருந்தோம். பேச்சில் ரஜூலா வந்தது, அதற்குப் பிறகு ஓடிய எம்.வி. சிதம்பரம் கப்பலும் வந்தது. அந்தக் கடைக்காரரின் மாமனார் சிதம்பரம் கப்பலில் வந்து இறங்கியவராம். டெக்கில் பாய் விரித்துப் படுத்து, நாள்கணக்கில் கூடவே வந்தவர்களைக் கடைசி வரை "கப்பல் சொந்தம்" என்றே சொல்வாராம்.

கப்பல் இரவு பத்து மணிக்குக் கிளம்பியது. நான் மாத்திரை கொடுக்க அவர்கள் அறைக்குப் போனபோது அம்மா படுத்துவிட்டார். அப்பா பால்கனியில், மிளகுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு எங்கள் பக்கம்தான் கரை இருந்தது. காற்று அதிகமாக இருக்கிறது, உள்ளே வாங்கப்பா என்றேன்.

"இரும்மா, அந்த வெளக்கு மறையட்டும்" என்றார். நானும் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.